கேட்க ஆள் இல்லாத டிரசரும் கேட்கத் தயங்கும் மிஸ்ஸியும்



போன வருடம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முன்னாள் மாணவி எனக்குப் போன் செய்தாள். ஜாசின் பக்கத்துத் தோட்டப்புறத்துப் பிள்ளை. ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவள். எஸ்.பி.எம். முடித்து, மூன்றாண்டு தாதியர் டிப்ளோமாவும் முடித்து, தாதியர் வாரியத்தின் தேர்விலும் தேறி, ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

"சார், வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். மூனு வருஷம் என்னா படிச்சேன்னே தெரியல சார்."

என்ன நடந்தது என்று மெல்ல விசாரித்தேன். அன்று காலை ஒரு நோயாளிக்கு ஊசி மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அட்டையில் எழுதியிருந்த அளவு சரியாகப் புரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானே ஓர் அளவை யூகித்து மருந்தை எடுத்திருக்கிறாள். கூட நின்று சரிபார்த்த மூத்த தாதிதான் பார்த்து நிறுத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவளுக்குக் கை நடுக்கம் ராத்திரி வரைக்கும் நிற்கவில்லை.

"ஏம்மா கேக்கல?" என்றேன்.

"இதுகூட தெரியாமயா பாஸ் பண்ணேன்னு நினைப்பாங்களேன்னு பயமா இருந்துச்சு சார்."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. படிப்பு முடிந்த பிள்ளைக்கும் பொறுப்பு ஏற்கும் தாதிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது இன்று வந்தது அல்ல. மலாக்காவில் நம் சமூகம் மருத்துவ வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம் வகுப்பறைக்கும் அதில் பங்கு உண்டு.

தோட்டத்தில் ஒரே ஆள்

நம் நாட்டில் ரப்பரை வணிகத்துக்காகப் பயிரிட்ட முதல் தோட்டம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஜாசின், ஆலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் அழிந்து தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் வழியாக ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு நோயும் சேர்ந்துகொண்டது.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரில் வேறு வகைக் கொசு பெருகியது. நிலத்துக்கு நிலம் நோயின் போக்கே மாறும் என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

1920களில் இருந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகம் தன் ஆட்களுக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று சொன்னதால் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி வந்தது. சிறிய தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டன. டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து போவார். மற்ற நாட்களிலெல்லாம் டிரசர்தான்.

தோட்டத்து டிரசரை நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழரும் மலையாளியும் இலங்கைத் தமிழரும் இந்த வேலையில் அதிகம் இருந்தார்கள். இலங்கைத் தமிழர் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 வாக்கிலேயே சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மருத்துவமனை வேலை அந்த ஊர்க் குடும்பங்களுக்குப் பழகிய பாதையாகிவிட்டது.

ஓர் இளம் டிரசரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் தொழில் கற்றது பட்டணத்து மருத்துவமனையில். அங்கே மேலே டாக்டர், பக்கத்தில் மூத்த டிரசர், சுற்றிலும் ஆட்கள். புண் கட்டுவது, மருந்து கலக்குவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் ஒருவர் கண்பார்வையில் கற்றுக்கொண்டது. பிறகு ஒரு நாள் அவரைத் தோட்டத்தில் கொண்டுவந்து விடுவார்கள். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிற்கும். காய்ச்சல்காரனுக்குக் கொய்னா, வயிற்றுக்காரனுக்கு வெளக்கெண்ணெய், உளி பட்ட கைக்குக் கட்டு. பிறகு கால்வாயில் எண்ணெய் தெளித்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். ராத்திரி பிரசவம் என்றால் லயத்துக்கு ஓட வேண்டும். பாம்பு கடித்தாலும் அவர்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை.

மருந்தைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்றும் அவர் முன் நின்றது. இன்று இந்த ஆள் வேலைக்குப் போகலாமா, போகக் கூடாதா? துரைக்கு மரம் வெட்ட ஆள் வேண்டும். நோயாளிக்கு ஓய்வு வேண்டும். டிரசர் 'சீக்கு' என்று பேர் எழுதினால்தான் ஓய்வு. அவருக்குச் சம்பளம் தருவது தோட்டம். அவரை நம்பி நிற்பது தொழிலாளி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று முடிவெடுப்பதை எந்த வார்டிலும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிலர் துரை பக்கம் சாய்ந்தார்கள். சிலர் லயத்து மக்களின் ஆளாக நின்று, 'டிரசர் ஐயா' என்று பேரன் காலம் வரைக்கும் நினைக்கப்பட்டார்கள். தொழில் என்பது செய்முறை மட்டும் இல்லை, யாருக்காக நிற்கிறோம் என்பதும்தான் என்று ஒவ்வொருவரும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முற்றிலும் தனியாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. லயத்தில் ஒரு மருத்துவச்சி இருப்பார். ஆயாக்கொட்டகையில் ஓர் ஆயா இருப்பார். அந்தப் பாட்டிமாருக்கு எந்தக் குழந்தை பால் குடிக்கவில்லை, எந்தப் பெண்ணுக்கு உடம்பு வெளுத்திருக்கிறது என்று தெரியும். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டிரசர் பிழைத்தார். 'நான் படிச்சவன்' என்று இருந்தவருக்குத் தோட்டம் பிடிபடவே இல்லை.

போர் வந்தபோது

1942க்குப் பிறகு ஜப்பானியர் காலத்தில் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943இல் அந்த முகாம்களில் காலரா பரவியது. மருந்து இல்லாத கொட்டகைகளில், கொஞ்சம் மருத்துவ வேலை தெரிந்தவர்கள்தான் கையில் இருந்ததை வைத்து நோயாளிகளைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டப்புறத்துப் பெண்கள். துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்களோடு, சாந்த் பீபி என்ற பெயரில் தாதியர் பிரிவும் இருந்தது. குறுகிய காலப் பயிற்சிதான். பிறகு பர்மா. மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கும் வேலை அந்த இளம் பெண்களின் கையில் வந்தது. மாணவி என்ற பெயர் போய்ப் பொறுப்பாளி என்ற பெயர் வர அவர்களுக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர்கள் கூட்டமாகப் போனார்கள். ஒருத்தி கலங்கினால் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள். தோட்டத்து டிரசருக்குக் கிடைக்காதது அதுதான்.

கையெழுத்துக்கு வந்த எடை

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950இல் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். 1966இல் பிள்ளைப்பேற்றுத் தாதியர் சட்டம். 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம். பதிவு என்றால் வெறும் சான்றிதழ் இல்லை. 'இதைச் செய்தது நான்' என்று நோயாளியின் ஏட்டில் கையெழுத்துப் போடும் உரிமை. தப்பு நடந்தால் பதில் சொல்லும் கடமையும் அதோடு வருகிறது.

அந்தக் காலத்துத் தாதிப் பயிற்சி எப்படி இருந்தது? பயிற்சித் தாதி மருத்துவமனை விடுதியிலேயே தங்குவாள். மேட்ரன் சொன்னால் சொன்னதுதான். வகுப்பு கொஞ்சம், வார்டு வேலை நிறைய. கட்டில் விரிப்பதிலிருந்து ராத்திரி வேலை வரை எல்லாம் மாணவிகள் தலையில். மலிவான வேலையாட்களாக அவர்களை நடத்தினார்கள் என்ற குறை நியாயமானது. 'ஏன்' என்று கேட்க இடம் இல்லை. இருந்தாலும் மூன்று வருடம் முடியும்போது வார்டு அவளுக்குப் பழகிய வீடாகியிருக்கும். தொப்பி மாறிய அன்று அவளுக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

பிறகு பயிற்சி கல்லூரிக்குள் போனது. 1990களில் நம் நாட்டில் தாதியர் கல்வி சான்றிதழ் நிலையிலிருந்து டிப்ளோமா நிலைக்கு உயர்ந்தது. தனியார் கல்லூரிகளும் பெருகின. மலாக்காவிலேயே 1934இல் திறந்த பெரிய அரசு மருத்துவமனையோடு, 1994இல் மக்கோத்தா போன்ற தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கு நம் பெண்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், தாதி வேலை பல தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு புது வாசல்.

கல்லூரிப் படிப்பால் அறிவு கூடியது, 'ஏன்' என்ற கேள்விக்கும் இடம் கிடைத்தது. அது முன்னேற்றம்தான். ஆனால் மாணவி இப்போது வார்டுக்கு விருந்தாளி. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு நோயாளிகளைப் பார்ப்பாள். பக்கத்தில் பயிற்றுநர் நிற்பார். பதிவு கிடைத்த மறுநாளே பல கட்டில்கள் அவள் பொறுப்பு. ஒருவருக்கு டிரிப் முடிகிறது, இன்னொருவர் கழிவறைக்குக் கூப்பிடுகிறார், டாக்டர் ரவுண்டுக்கு வருகிறார், உறவினர் கோபப்படுகிறார், இரண்டு மணிக்குள் பாஸ் ஓவர் கொடுக்க வேண்டும். பாடத்தில் ஒவ்வொன்றாக வந்ததெல்லாம் இங்கே ஒரே நேரத்தில் வருகிறது.

ஆராய்ச்சி சொல்வது

இந்தப் பள்ளத்துக்கு 1974இல் ஒரு பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் என்ற தாதியர் கல்வியாளர், கல்லூரியில் படித்து வந்த தாதியர் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்து, அதை 'நிஜ அதிர்ச்சி' என்றார். முதலில் எல்லாம் இனிக்கும். பிறகு அதிர்ச்சி. பிறகு மெல்லத் தேறுதல். கடைசியில் ஒரு நிதானம். அதிர்ச்சிக் கட்டத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

1984இல் பேட்ரிசியா பென்னர், ஒரு தாதி கற்றுக்குட்டியிலிருந்து வல்லுநராக ஐந்து படிகள் ஏறுகிறாள் என்று எழுதினார். டிப்ளோமா வாங்கியவள் நிற்பது இரண்டாம் படியில்தான். மூன்றாம் படியான திறமைக்கு, ஒரே மாதிரிச் சூழலில் இரண்டு மூன்று வருட அனுபவம் வேண்டும். ஆகவே ஆறு வாரத்தில் 'எனக்கு ஒன்னும் தெரியல' என்று ஒருத்திக்குத் தோன்றுவது அவளுடைய குறை இல்லை. அவள் நிற்கும் படி அது. 2009இல் கனடாவின் ஜூடி டக்‌ஷர், முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம் என்றும், உடம்பு, மனம், அறிவு, உறவு எல்லாம் ஒருசேரக் குலுங்கும் என்றும் விளக்கினார்.

இதற்கு மருந்தாகப் பல நாடுகளில் வந்தது வழிகாட்டித் தாதி முறை. புதியவளோடு ஓர் அனுபவசாலியை இணைத்து, சில மாதங்கள் கூடவே நிற்க வைப்பது. நல்ல வழிகாட்டி வேலையை மட்டும் காட்ட மாட்டார். 'எனக்கும் முதல் மாசம் இப்படித்தான் இருந்துச்சு' என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவோ பேரை நிறுத்தியிருக்கும்.

நம் பிள்ளைகளின் கூடுதல் சுமை, கூடுதல் பலம்

நம் மாணவி தமிழில் ஆறு வருடம் படித்தாள். இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறினாள். தாதியர் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. வார்டில் டாக்டரின் குறிப்பு ஆங்கிலம், மூத்த தாதி 'காக்'கிடம் பேசுவது மலாய், கட்டிலில் படுத்திருக்கும் தோட்டத்துப் பாட்டி தமிழ். அவள் தயங்குவது அறிவுக் குறையால் மட்டும் அல்ல. எந்த மொழியில் கேட்பது, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சமும்தான்.

அதே மொழிதான் அவளுடைய பலமும். "நெஞ்சு கரிக்குது", "படபடன்னு வருது", "கை கால் மதமதன்னு இருக்கு" என்று ஒரு பாட்டி சொன்னால், மூன்றுக்கும் வித்தியாசம் அவளுக்குத்தான் தெரியும். பழைய டிரசர் மருத்துவச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இவள் தாய்மொழியிலேயே கேட்டு வாங்குகிறாள்.

வீட்டையும் சொல்ல வேண்டும். ராத்திரி வேலை முடிந்து காலையில் தூங்கும் மகளைப் பார்த்து "பொழுதுக்கும் தூங்குறா" என்பதும், பக்கத்து வீட்டுப் பேச்சும் அவளைக் களைத்துப்போக வைக்கும். அவளுக்கு முதல் வருடத்தில் தேவை ஒரு இருட்டு அறை, சூடான சாப்பாடு, கேள்வி கேட்காத அம்மா.

நம் பங்கு

இப்போது நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவியின் ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'அமைதியான மாணவி, யாருக்கும் தொல்லை தராதவள்.' பாராட்டாகத்தான் எழுதினேன். அவள் என் வகுப்பில் ஒரு நாளும் கை தூக்கிக் கேள்வி கேட்டதில்லை. கேட்ட பிள்ளைகளிடம் "இப்பத்தானே சொன்னேன், காது எங்கே இருந்துச்சு?" என்று நான் சொன்னதை அவள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பாள்.

பத்து வருடம் கழித்து, மருந்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாய் திறக்காமல் நின்றாள். டிரசருக்குக் கேட்க ஆள் இல்லை. இவளுக்கு ஆள் இருந்தது, கேட்கும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

வகுப்பில் செய்யக்கூடியவை சில:

1. 'தெரியவில்லை' என்று சொல்லும் பிள்ளையைப் பாராட்டுங்கள். "நல்ல கேள்வி, இன்னும் மூனு பேருக்கு இதே சந்தேகம் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

2. திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் பயிற்சி கொடுங்கள். ஒருவர் ஒரு கட்டளை சொல்ல, மற்றவர் அதைத் திரும்பச் சொல்லி "சரிதானே?" என்று கேட்க வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று தாதியர் சரிபார்ப்பதும் இதுதான்.

3. வாய்மொழி வரலாறு: தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரசர், ஆயாக்கொட்டகை பற்றித் தாத்தா பாட்டியிடம் மாணவர்கள் கேட்டு எழுதி வரட்டும். 'கொய்னா', 'பெரட்டு', 'சீக்கு' போன்ற சொற்களுக்கு ஓர் அகராதி செய்யலாம்.

4. வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். வெற்றிக் கதை மட்டும் வேண்டாம். முதல் வருடத்தில் பயந்த கதையையும் சொல்லச் சொல்லுங்கள்.

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியருக்கும் இதெல்லாம் பொருந்தும். பயிற்சிக் கழகத்திலிருந்து வந்த தம்பி தங்கைகளை முதல் நாளே முரட்டு வகுப்பில் தனியாகத் தள்ளிவிட்டு, ஆசிரியர் அறையில் நாம் தேநீர் குடிக்கிறோமா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அந்த இரவு நான் மாணவியிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்குப் போய் அந்த மூத்த தாதிகிட்ட, நேத்து நீங்க நிறுத்தினதுக்கு நன்றி, இனிமே சந்தேகம் வந்தா உங்ககிட்ட கேக்கலாமான்னு மட்டும் கேளும்மா" என்றேன்.

மூன்று நாள் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. "கேட்டேன் சார். அவங்களும் முதல் வருஷம் ஸ்டோர் ரூம்ல போய் அழுவாங்களாம்."

அவள் இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறாள். சில மாதத்துக்கு முன் பேசும்போது, புதிதாக ஒரு பிள்ளை வந்திருப்பதாகச் சொன்னாள். "ஒன்னுமே கேக்க மாட்டேங்குது சார். நானே போய், எதுனாலும் என்கிட்ட கேளுன்னு சொல்லிட்டேன்."